மாமனார் கேட்ட எஞ்சின் சத்தம்

கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூரில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் போனபோது, என் மாமனார் தன் பழைய அம்பாசிடரைச் செங்கல்பட்டில் என் பொறுப்பில் விட்டுப் போனார். முப்பது வருடம் வாடகைக்கு ஓட்டிய வண்டி. "தெனம் ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணா போதும் மாப்ள. வெளில எடுக்காதீங்க" என்றார். எடுக்காதே என்றால் எடுக்கிற ரகம் நான்.

ஒரு ஞாயிறு மனைவியோடு மாமல்லபுரம் போய், ஆசை அடங்காமல் நெம்மேலி வரை ஓட்டினேன். பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிற ஊரில் எனக்குக் கிடைத்தது டீக்கடையின் உப்புத்தண்ணீர்தான். கொதிக்கிற எஞ்சினில் அதை அவசரமாக ஊற்றினேன். உள்ளே ஏதோ 'டிக்'கென்றது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல்.

தனியார் பள்ளி வாத்தியார் சம்பளத்தை மெக்கானிக் என் முகத்திலேயே படித்துவிட்டான். "புது ஹெட்டுலாம் உனுக்கு ஆவாது சார். வெல்டு வெச்சி, லேத்ல இழைச்சி மாட்டிர்லாம். டைம் ஆவும்."

மறுநாள் காலையே மாமனாரின் போன். டாக்டர் போன் பார்க்கக் கூடாது என்றிருந்தார், கேட்கத் தடையில்லை. "வண்டி சத்தத்த கொஞ்சம் கேக்க வுடுங்க மாப்ள."

"இப்பதான் ஆஃப் பண்ணேன் மாமா" என்று அன்று தப்பித்தேன். சாயங்காலம் மெக்கானிக் ஷெட்டில் நின்ற வேறொரு அம்பாசிடரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மனைவியின் போனில் பதிவு செய்துகொண்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதிலிருந்து தினமும் காலை அதையே போட்டுக் காட்டினேன். "ஆங், கல்லு மாதிரி கீது" என்பார். மாமியார் வீட்டில் என்னை நம்பிய ஒரே ஆள் அவர். புலிவாலைப் பிடித்த கதைதான். அன்றே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். இப்போது எப்படிச் சொல்வது?

மூன்று வாரம் கழித்து ஹெட்டை மாட்டி, மெக்கானிக் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உயிர்பெற்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல்முறையாக நானே மாமனாரைக் கூப்பிட்டு, போனைப் பானெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"இன்னா மாப்ள, சத்தம் வேற மாரி கீது? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சி?"

நேற்று வரை அந்த எஞ்சினுக்கு ஹெட்டே கிடையாது. "ஒண்ணும் பண்ணல மாமா" என்றேன்.

"சரி வுடுங்க. கண்ணு இப்ப நல்லா தெரியுது. வெள்ளிக்கெழம வந்துர்றேன். ஹெட்ட நானே கழட்டிப் பாக்கறேன்."