சர்ச் விட்டுப்போன படிக்கட்டு

அணையை உயர்த்தியபோது எங்கள் முல்லரிங் ஊரையே லாரிகளில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மரத்தால் கட்டிய சர்ச் வந்தது, மதுக்கடை வந்தது, போரில் மாண்டவர்களின் நினைவுத்தூண் வந்தது. பெயர்க்கல் இருந்த கல்லறைகளும் வந்தன. மீதி ஊர் ஏரிக்கடியில் போயிற்று.

ஐவி டிரெங்கோவுக்கு அதற்குக் கொஞ்சம் முன்புதான் குழந்தை உயிரில்லாமல் பிறந்திருந்தது. அக்காலத்தில் அத்தகைய குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை, கல்லும் இல்லை. தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். கணவர் மெர்வ்தான் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தார்.

"நம்ம புள்ளையையும் மேட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களா?" என்று ஐவி கேட்டாள்.

"ம். வேலியோரமா இருக்கு."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் பூ வைத்துவந்தாள் அந்தப் பேதை.

இருவருக்கும் தலைமுடி நரைத்த பிறகு பெரும் வறட்சி வந்தது. ஏரி வற்றிப் பழைய ஊர் சேற்றிலிருந்து எழுந்தது. எல்லோரும் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள், மெர்வைத் தவிர.

"என்னய்யா மெர்வ், பழைய பாரு இருந்த எடத்துல பாதி கிளாஸ விட்டுட்டு வந்தியே, போய்க் குடிச்சிட்டு வாயேன்," என்று சீண்டினார் மதுக்கடைக்காரர் பேட்.

மெர்வ் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு மனைவி முன் நின்றார்.

"வேலியோரம் யாருமில்ல, ஐவி. யாருக்கும் தெரியாம சர்ச் படிக்கட்டை ஒட்டித்தான் பொதச்சேன். சர்ச்சைப் பேத்தா படியையும் பேப்பாங்க, அப்பச் சொல்லிப் புள்ளையையும் எடுத்துக்கலாம்னு இருந்தேன். மரத்த மட்டும் ஏத்திட்டுக் கல்ல விட்டுட்டாங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்பத்தான் நீ மறுபடி சாப்பிடவே ஆரம்பிச்சிருந்த."

இருவரும் வெடித்த சேற்றில் கைகோத்து நடந்தார்கள். எங்கும் போகாத அந்தக் கற்படிகளில் வெளியூர்க்காரர்கள் அமர்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஐவி காத்திருந்தாள்.

"என்ன குழந்தை, மெர்வ்?" வாழ்நாள் முழுதும் கேட்கத் துணியாத கேள்வி அது.

"பொண்ணு."

"ஹேசல்," என்று பெயரிட்டாள் ஐவி, மண்ணைத் தொட்டு.

மெர்வ் கொண்டுவந்திருந்த மண்வெட்டியைத் தோண்டுவதற்காக ஊன்றினார். ஐவி தடுத்தாள். "வேணாம். தூங்கறவள எழுப்பாத. நான் தெனம் வந்து பாத்துக்கறேன்."

சொன்னபடியே தினம் போனாள், குளிர்காலத்தில் மழை கொட்டும்வரை. ஏரி நிரம்பத் தொடங்கிய நாளில் மதுக்கடையில் விவசாயிகள் கட்டிப்பிடித்து ஆடினார்கள். பேட் எல்லோருக்கும் இலவசமாக பீர் ஊற்றினார்.

தகரக் கூரையில் மழை இரைய, ஐவி சன்னலோரம் நின்றிருந்தாள்.

"அவ நனையறா, மெர்வ்."