ஓர்ப்படிக்கு வந்த வலி

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்பினவள் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் மகன் சேவியருக்கு ஒன்பது வயது. சில நாள் சாப்பிட்டு எழுந்ததும் வயிற்று வலியில் சுருண்டுவிடுவான், ஒரு மணி நேரத்தில் தானாகவே போய்விடும். டாக்டர் வெள்ளையாக எதையோ கரைத்துக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றும் தெரியவில்லை, வீட்டுப்பாடத்துக்குப் பயந்த வலி என்றார். மயிலாப்பூரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த என் ஓர்ப்படி லூர்து அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பிள்ளையில்லாதவள், அவள் அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவினால் மட்டும் வலி சீக்கிரம் அடங்கும். நான் கையை வைத்தால் "நீ வேணாம், பெரிம்மா வரட்டும்" என்பான். பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும், சொல்லுங்கள்? போதாததற்கு, அவனுக்கு வலிக்கும்போதெல்லாம் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "எனக்கும் வலிக்குது தங்கச்சி" என்பாள்.

ஒரு நாள் சொல்லியே விட்டேன். "பெத்த எனக்கே வலிக்கல, உங்களுக்கு என்னக்கா வலி? கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்ல இருந்துட்டு வாங்க."

அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட கை காயவில்லை, சேவியர் அலறினான், பச்சையாக வாந்தி எடுத்தான். வீட்டுக்காரர் டாக்டரைத் தேடி ஓடினார். நான் விளக்கெண்ணெயைக் கரண்டியில் ஊற்றி அவன் வாயருகே கொண்டுபோகிறேன், வாசலில் ஜட்கா வந்து நிற்கிறது. லூர்து அக்கா, இரண்டாக மடிந்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டு.

"ஊத்தாதடி! உள்ள மாட்டிக்கிச்சு. இங்க." தொப்புளுக்கு இடப்பக்கம், தன் வயிற்றில் விரலை வைத்தாள். "புள்ளையத் தூக்கு, வண்டிய நிறுத்தி வச்சிக்கீறேன்."

யாரும் அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை. ஜட்கா தேனாம்பேட்டையிலிருந்து வர அரை மணிக்கு மேலாகும், அவன் அலறிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நம்பினால் நம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் குடல்வால் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அக்கா விடவில்லை, "இடப்பக்கம் பாருங்க ஐயா" என்று கெஞ்சினாள். வயிற்றைத் திறந்துவிட்டு வெளியே வந்த சர்ஜன் சொன்னார்: பிறவியிலேயே இடப்பக்கம் ஒரு பை, சிறுகுடலில் பாதி அதற்குள் புகுந்து நெரிபட்டுக் கிடந்தது, ரொம்ப அபூர்வம், வெளியே வீக்கம் தெரியாது, குடல் அந்தப் பையை விட்டுத் தானாக வழுக்கி வந்துவிட்ட நாளில் எக்ஸ்ரேயிலும் தெரியாது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அழுகியிருக்கும். பிழைத்தான். மயக்கம் தெளிந்ததும் யாரைக் கேட்டான் என்று சொல்லவேண்டுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சர்ஜனிடம் கேட்டேன், அந்தப் பை எப்போது உண்டாகியிருக்கும்?

"கருவில மூணாம் மாசம்மா. குடல் திரும்பி உள்ளே உட்காரும் சமயம்."

அந்தப் பிள்ளையை நான் மூன்று மாதம் சுமந்திருந்தபோது, ஒரு காலை லூர்து அக்கா இடது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் விழுந்து துடித்தாள், எழுந்திருக்க இரண்டு நாளாயிற்று. எனக்கு ஒரு சின்ன வலிகூட இல்லை. நான் உண்டானது அவளுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் இந்த நாடகம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

சர்ஜன் சொன்னதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அவள் எதற்காகவாவது வயிற்றில் கையை வைத்தால், நான் சேவியர் எங்கே என்று தேடி ஓடுகிறேன்.