பயந்து பயந்து போய்வந்த தவநாயகி அக்கா

பொலிஸ் நிலையத்துக்குப் போகும் நாட்களில் தவநாயகி அக்கா காலையில் எதுவும் சாப்பிடமாட்டார். பயம். பதினொரு வருடமும் அப்படித்தான்.

கலியாணம் முடித்து 1968இல் லண்டனுக்கு வந்தவர். அன்றிலிருந்து அங்குள்ள லூயிஷாம் பகுதிதான் அவருக்கு ஊர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஊர் வேலை. சந்தியில் வீதியைக் கடக்க மஞ்சள்கடவை கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறார். இதற்கெல்லாம் அவர் பயந்ததில்லை.

1986இல் உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொலிஸ் நிலையங்களில் அடைத்து வைக்கப்படுபவர்களைப் பார்வையிட ஊர்மக்களிலிருந்து தொண்டர்கள் தேவை. இருவர் இருவராக, முன்கூட்டிச் சொல்லாமல் போகவேண்டும். சாப்பாடு கிடைத்ததா, போர்வை இருக்கிறதா, வீட்டுக்கு அறிவித்தார்களா என்று கேட்டு எழுதவேண்டும். அவ்வளவுதான். அக்கா அன்றே படிவத்தை நிரப்பிவிட்டார்.

அவருடைய கணவர் பத்மநாதன் திகைத்துப் போனார்.

"உமக்கென்ன விசரே? பொலிசைக் கண்டால் ரோட்டுக்கு மற்றப் பக்கம் மாறுற ஆள் நீர்."

"ஓம், பயம்தான். என்ர அண்ணைக்கு நடந்ததை மறந்திட்டியளோ?"

1979இல் அக்கா யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தபோது அவருடைய அண்ணன் கனகலிங்கத்தைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் அக்கா பொலிஸ் நிலையத்து வாசலிலேயே நின்றார். உள்ளே போகவும் விடவில்லை, ஒரு பதிலும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் வெளியே வந்தபோது வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது.

"அண்டைக்கு ஆராவது ஒரு ஆள் உள்ள போய்ப் பாத்திருந்தால் போதுமப்பா," என்றார் அக்கா.

"அது அங்க. இஞ்ச வாசுதேவன்ர கேஸ் இன்னும் ஹோம் ஒஃபிசில கிடக்கு. நாளைக்கு இவங்கள் எங்களைக் குறிச்சு வைச்சால் என்ன செய்வீர்?"

வாசுதேவன் பத்மநாதனின் தம்பி மகன். உள்துறை அமைச்சுக்கு அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு அவர்கள் வீட்டிலேயே இருந்தான். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் போனார்.

அவரோடு சோடியாகப் போனவர் வினிஃபிரட். ஜமெய்க்காவிலிருந்து வந்து நூலகத்தில் வேலை செய்தவர், நல்ல உயரம், நிதானமான பேச்சு. முதல் தடவை உள்ளே போனபோது இரும்புக் கதவு பின்னால் சாத்தப்பட்ட சத்தத்தில் அக்காவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.  நாள் போகப் போகச் சரியாகும் என்று வினிஃபிரட் சொன்னார். சரியாகவில்லை.

1988 மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். காவலறைகளுக்குப் பொறுப்பாக மேசையடியில் இருந்த சார்ஜன்ட் அவர்களுக்குப் புதியவர். அறைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தவர் கடைசி அறையைத் தாண்டி நடந்தார்.

"இதில் யார்?" என்று வினிஃபிரட் கேட்டார்.

"குடிவெறிகாரன். ஐரிஷ் கிழவன். வீதியில் விழுந்து கிடந்தான், தூக்கி வந்தோம். தூங்கட்டும். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பது உங்கள் விதிதானே?"

கதவில் இருந்த சின்னத் துவாரத்தின் மூடியை மட்டும் விலக்கிக் காட்டினார். அக்கா முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். கிழவர் மல்லாந்து கிடந்தார். மூச்சு ஓடி வந்தவருடையதுபோல ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. அழுகிய பழத்தின் மணம் ஒன்று துவாரத்தால் வந்தது.

அந்த மணம் அக்காவுக்குத் தெரியும். பத்மநாதனுக்குச் சலரோகம், நீரிழிவு. மூன்று வருடங்களுக்கு முன் அவர் நினைவு தப்பிக் கிடந்தபோது அவருடைய மூச்சிலும் இதே மணம்தான் இருந்தது.

 பேசாமல் போய்விடலாம் என்று ஒருகணம் நினைத்ததாக அக்கா என்னிடம் பிறகு சொன்னார். வாசுதேவனின் விண்ணப்பம் கண்முன் வந்ததாம். எங்கேயோ ஒரு அதிகாரி அவனுடைய பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவதுபோல.

"இவர் குடித்தவரில்லை. டயபிட்டிஸாக இருக்கலாம். டொக்டரைக் கூப்பிடுங்கள்."

குரல் அவருக்கே கேட்கவில்லை. வினிஃபிரட் அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"நீங்கள் டொக்டரா?" சார்ஜன்ட் சாவிக்கொத்தைப் பலமாக ஆட்டினார். "பார்வை முடிந்தது. வெளியே போகலாம்."

மேசையடிக்கு வந்தபோது அக்காவின் கால்கள் மடங்கின. அங்கிருந்த மரவாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழும்ப ஏலவில்லை. சார்ஜன்டோ அவர் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பதாக எடுத்துக்கொண்டார்.

"எழும்புங்கள், அம்மணி."

அக்கா முடியாது என்று தலையை ஆட்டினார். வினிஃபிரட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "டொக்டர் வரும்வரை இருப்போம்," என்றார். சார்ஜன்டின் முகம் சிவந்தது. தன்னையும் ஒரு அறைக்குள் தள்ளிப் பூட்டப்போகிறார் என்றே அக்கா நினைத்தார். கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். கண்ணைத் திறந்தபோது சார்ஜன்ட் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பொலிஸ் டொக்டர் வந்தார், உள்ளே போனார், ஓடி வந்து அம்புலன்சுக்குப் போன் அடித்தார்.

பயம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. புதன்கிழமையும் நின்றது. பத்மநாதன் திரையை இழுத்து மூடினார்.

"நான் சொன்னன்தானே?"

வாசுதேவன் இரண்டு நாளும் மாடியை விட்டு இறங்கவில்லை. அக்கா கதவுமணி எப்போது அடிக்கும் என்று சமையலறைக்குள் காத்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தன் வீட்டில் களவு போனதை விசாரிக்க வந்த கார் என்றார். அதைக் கேட்டும் பத்மநாதன் திரையைத் திறக்கவில்லை.

பார்வையிடும் தொண்டர்களின் அடுத்த மாதக் கூட்டத்தில், பொலிஸ் மேலதிகாரியின் முன்னால், அக்கா தன் அறிக்கையைத் தானே வாசித்தார். தாளை மேசையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு வாசித்தார். கிழவர் உயிர் தப்பி, ஒன்பது நாளில் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார் என்று அங்குதான் தெரிய வந்தது. தன்னை யார் காப்பாற்றினார் என்று அவருக்குத் தெரியாது. குடிவெறியில் தூங்குவதாகத் தெரிகிறவரை அரை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பேச வைக்கவேண்டும் என்ற விதி பொலிசாருக்கு முன்பே இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்த நிலையத்தில் அது கடைப்பிடிக்கப்பட்டது. வாசுதேவனுக்கு மறுவருடம் வதிவிட அனுமதி கிடைத்தது.

1997இல் முழங்கால் நோவு கூடி அக்கா விலகினார். பிரிவுபசாரத் தேநீரில் மேலதிகாரி ஒருவர் எழுந்து, இந்த ஊரில் தான் கண்ட பயமறியாத பெண்மணி இவர்தான் என்றார். பின்வரிசையில் இருந்த பத்மநாதன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். பிறகு நன்றி சொல்ல எழுந்தார். எழுதிக் கொண்டுவந்த நான்கு வரியில், பயத்தில் இரண்டைத்தான் வாசிக்க முடிந்தது.