செட்டில் ஆனவள்

எங்கள் பக்கத்தில் ‘செட்டில்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை வேறு எந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் கிடையாது. பையன் துபாயில் செட்டில். பெண் கல்யாணமாகி செட்டில். வெட்டுக்குத்து வரை போன பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டு செட்டில். திருவொற்றியூரில் ஒருவர் செத்துப்போனால்கூட, பிள்ளைகளை எல்லாம் செட்டில் பண்ணிவிட்டுத்தான் போனார் என்று யாராவது சொன்னால் துக்க வீட்டில் பாதி அழுகை நின்றுவிடும். இந்தச் சொல்லை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

எல்லாம் என் கணவரின் ட்ரெய்லர் லாரியில் ஆரம்பித்தது. அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஓட்டுகிறவர். எத்தனை நாள்தான் அடுத்தவன் வண்டியை ஓட்டுவது என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஆசை அவருக்கு, சம்பளச் சீட்டு எனக்கு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் நான் பில் போடுகிறேன். என் சம்பளம் மாதா மாதம் கணக்கில் விழும். அவருக்கு அப்போது கையில்தான் கூலி. அதனால் வங்கி அவரை ஏறெடுத்தும் பார்க்காமல், என்னிடம் பதினேழு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தது. பழைய ட்ரெய்லர் ஒன்று வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கினோம், தெருவே வந்து பார்த்தது. ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஊரடங்கு வந்தது, வண்டி எண்ணூர் சாலையோரம் அசையாமல் நின்றது. நிற்கிற வண்டிக்கும் தவணை ஓடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வண்டியை விற்றும் கடன் அடையவில்லை. வங்கி அனுப்பிய வசூல்காரர் ஒருவர் தினமும் பத்து முறை போன் செய்தார். கடைக்கே வந்து, இரும்பு எடை போடுகிறவர்கள் எதிரில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். கடைசியில் நானே வங்கிக்குப் போய் உட்கார்ந்து, என்னால் இவ்வளவுதான் முடியும் என்றேன். அவர்கள் கூடிப் பேசி ஒரு கடிதம் கொடுத்தார்கள். இன்ன தொகையை முப்பத்தாறு மாதத்தில் கட்டினால் போதும், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்று அதில் இருந்தது. முப்பத்தாறு மாதமும் கட்டினேன். தீபாவளிக்குத் துணி எடுக்காமல் கட்டினேன், டெங்கு வந்து படுத்திருந்த மாதமும் கட்டினேன்.

முடிந்த அன்று ‘செட்டில்டு’ என்று போட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். தெருவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன், எங்கள் கடன் செட்டில் ஆகிவிட்டது என்று. பிறகு லேமினேஷன் போட்டுக்கொண்டேன். குங்குமமும் சேர்ந்து லேமினேட் ஆகிவிட்டது.

அடுத்த ஆண்டு, நாங்கள் பதினாலு வருஷமாகக் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, காற்று கடலிலிருந்து வந்தால் உப்பும், மேற்கிலிருந்து வந்தால் கரித்தூளும் வந்து சேரும் மொட்டைமாடி. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் அவர். முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன், ஆறு மாதம் பொறுக்கிறேன், அதற்குள் முடியாவிட்டால் ரொக்கத்தோடு ஓர் ஆள் காத்திருக்கிறான் என்றார். எனக்கு அந்த வீடு வேண்டும். என் பெயரில் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ரேஷன் கார்டைத் தவிர எதுவும் என் பெயரில் இருந்ததில்லை, கடனைத் தவிர.

எனவே வேறொரு வங்கியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டேன். கோப்பைத் திறந்ததும் அதிகாரியின் கண்ணில் படவேண்டும் என்று, எல்லாவற்றுக்கும் மேலே அந்த லேமினேட் கடிதத்தை வைத்தேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக்கூட நான் அவ்வளவு பெருமையாக யாரிடமும் நீட்டியதில்லை.

அதிகாரிக்கு என் மகனாக இருக்கக்கூடிய வயது. குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் என் கடன் மதிப்பெண்ணைப் பார்த்தார். பிறகு, கடனை முழுசாகக் கட்டினால்தான் அதற்கு ‘க்ளோஸ்டு’ என்று பெயர் என்று விளக்கினார்.

“செட்டில்டுன்னா, பாதி கட்டிட்டு மீதிய விட்டுட்டீங்கன்னு அர்த்தம்மா. எங்களுக்கு இது நல்ல பேப்பர் இல்ல.”

விட்டது நான் இல்லை, விட்டது அவர்கள் என்றேன். அவர் சிரித்தார். பதினாலு வருஷம் ஒருநாள் தள்ளாமல் வாடகை கொடுத்திருக்கிறேன் என்றேன். அது எந்தப் பதிவிலும் வராது என்றார். அதாவது, கொடுக்காமல் விட்டதை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள நாடு முழுக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒழுங்காகக் கொடுத்ததை ஞாபகம் வைத்திருப்பது வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் மட்டும்தான்.

கிளம்புகிற நேரத்தில் அதிகாரிக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. என் கணவரின் பான் எண் இருக்கிறதா என்று கேட்டு, தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவர் பெயரில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை, இப்போது சம்பளமும் கணக்கில்தான் வருகிறது, வீட்டையும் கடனையும் அவர் பெயரில் போட்டால் பத்து நாளில் முடித்துவிடலாம் என்றார்.

கரும்புள்ளி எப்படி இருக்கும்? இவரை நம்பி எவனும் பத்து ரூபாய் கடன் கொடுத்ததில்லை. ட்ரெய்லர் வாங்கியவர், மாலை போட்டவர், விற்றவர் எல்லாம் அவர். அடைத்தவள் நான். கம்ப்யூட்டர் கணக்குப்படி அவர் உத்தமர், நான் பாதியில் ஓடியவள். பேருந்தில் வரும்போது கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. தேரடியில் இறங்க வேண்டியவள் எல்லையம்மன் கோயில் வரை போய்விட்டேன்.

வீட்டில் சொன்னதும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மூன்று நாள் அவர் நடையே மாறிப்போனது. டீக்கடையில் தன் ரெக்கார்டு சுத்தமாக இருப்பதாகப் பேசியிருக்கிறார். நாலாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்:

“இன்னாமே, என் பேர்ல போட்டா இன்னா? வூடுன்னா வூடுதானே.”

அப்படியானால் அந்த முப்பத்தாறு மாதமும் உன் பேரில் போட்டிருக்கலாமே என்றேன். அவர் அதற்குமேல் ரசம் கேட்கவில்லை, தானே ஊற்றிக்கொண்டார்.

ஒரு வழிதான் இருந்தது. தள்ளுபடி செய்த தொகையையும் கட்டிவிட்டால் ‘க்ளோஸ்டு’ என்று மாற்றித் தருவார்கள். ஏலச்சீட்டில் சேர்த்த பணம் ஏறக்குறைய சரியாக வந்தது. பணத்தோடு பழைய வங்கிக்குப் போனேன். அங்கே யாருக்கும் என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடன் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு மேசை, கட்டாதவர்களுக்கு ஒரு மேசை. கட்டத் தேவையில்லை என்று சொன்னதைக் கட்ட வந்தவளுக்கு மேசை இல்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கே மூடியிருக்கிறது, எதில் வரவு வைப்பது என்று கேட்டார்கள். இந்த மாதிரி விவகாரம் வசூல் பிரிவு வழியாகத்தான் வரவேண்டும் என்று கடைசியில் சொன்னார்கள்.

வசூல்காரரின் எண் என்னிடம் இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். கட் செய்தார். ஒரு வாரம், தினமும் பத்து முறை அழைத்தேன். இதில் எனக்கு ஒரு சுகம் கிடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ராயபுரத்தில் அவர் வேலை செய்யும் அலுவலகத்தை விசாரித்துப் போய், வாசலில் நின்று, நாலு பேர் எதிரில் அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

ஆள் வெளிறிப்போனார். பழைய பகையைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பணம் கட்ட வந்திருக்கிறேன் என்றதும் இன்னும் பயந்தார். தள்ளுபடி ஆன பணத்தைத் தேடிவந்து கட்டுகிறவளை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. என்னைத் தனியாக டீக்கடைக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“எக்கா, தப்பா நென்ச்சுக்காத. எனக்கும் ரெண்டு லோன் தகராறு கீது. செட்டில் பண்லாமா, வேணாவா?”

பண்ணாதே, கட்டு என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் டீக்கு அவரையே காசு கொடுக்க விட்டேன். அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தால் வேலை நடந்தது. பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ‘க்ளோஸ்டு’ என்று கடிதம் தந்தார்கள். இந்த முறை குங்குமம் வைக்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் பாய் கொடுத்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. ரொக்கக்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே சமையல்கட்டை இடித்துவிடலாம் என்று கூட வந்தவரிடம் சொன்னார். கரண்டியோடு நின்றேன். அன்று நான் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழி போட்டேன்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வண்ணாரப்பேட்டை போனேன். இன்னும் இரண்டு மாதம் கேட்டேன். பாய் துணியை மடித்துக்கொண்டே யோசித்தார்.

“வாடகைக்கி நான் ஒருநாளும் ஒன் வூட்டுப் படி ஏறினதில்ல தங்கச்சி. ரெண்டு மாசம் எடுத்துக்கோ.”

ஒரு நிபந்தனையும் இல்லை. கையெழுத்தும் கேட்கவில்லை. நான் பதினாலு வருஷமாக ஒரு மதிப்பெண் சேர்த்துவைத்திருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கடன் வந்தது. ஒன்பதே முக்கால் வட்டி. என் பழைய பாவத்துக்காக மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று அதிகாரி நாசூக்காகச் சொன்னார். பதிவு அலுவலகத்தில் டோக்கன் எடுத்து, பாயும் நானும் கணவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் எண் வந்ததும் எழுத்தர் பத்திரத்தைப் பார்க்காமலே என் கணவரைக் கைகாட்டி அழைத்தார். வாங்குகிறவர் இப்படி வந்து விரல் வையுங்கள், கேமராவைப் பாருங்கள் என்றார். கணவரின் முகத்துக்கு நேராகக் கேமரா வெளிச்சம் விழுந்தது. அவர் அப்படியே உட்கார்ந்து விரலை வைத்திருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் இரண்டு அடி பின்னால் வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நான் சும்மா சாட்சி சார். வூடு அவங்குளுது.”

இதைக் கேட்பதற்குத்தான் என் அறுபதாவது வயது வரை தவணை கட்டப்போகிறேன். பரவாயில்லை, கட்டுகிறேன்.