ஆம்பூரில் பெய்த ருஷ்யப் பனி

ஐம்பத்தைந்தாம் வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. காலை பத்து மணிக்கு நானும் என் மனைவி கமலாவும் குடியாத்தத்தில் ஜட்கா ஏறினோம். ஊருக்கும் ரயிலடிக்கும் மூன்று மைல் தூரம். வண்டிக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு இறங்கி வந்தார். ஆம்பூரில் ஒரு பாட்டு நாடகம் பார்க்கப் போகிறோம் என்றதும், "குடியாத்தத்துல இல்லாத டிராமாவா சாமி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு எட்டணாவும் கொடுத்திருக்கலாம்.

காரணம் இருக்கிறது. தறி போக மிச்ச நேரத்தில் நாடகம் எழுதுகிறவன் நான். எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் என் நாடகம்தான். ஆறு வருஷம் எனக்கு ஆர்மோனியம் வாசித்த சாமுவேல், ஆம்பூரில் தோல் ஷாப்பு என்கிற தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்துப் போய்விட்டான். போனவன் சும்மா இருந்திருக்கக் கூடாதா? பழைய ருஷ்யக் கதை ஒன்றைப் பிடித்துத் தமிழில் பாட்டு நாடகமாக்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஜனங்களைக் கூட்டிக்கொண்டிருந்தான். 'வாத்தியார் அவசியம் வரவேண்டும்' என்று ஆள் வேறு அனுப்பினான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த நாடகம் சொதப்ப வேண்டும், திரும்பி வரும்போது கமலா தன் வாயால் "உங்க நாடகம் மாதிரி வராதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஆளுக்கு ஏழணா கொடுத்து இரண்டு ரயில் டிக்கெட் எடுத்தேன்.

பாசஞ்சர் வண்டி வளத்தூரில் நின்றது, மேல்பட்டியில் நின்றது. மேல்பட்டியில் தோல் ஷாப்பு மேஸ்திரி ஒருவர் ஏறி எங்கள் எதிரில் உட்கார்ந்தார். ஆம்பூருக்குப் போகிறோம் என்றேன்.

"டிராமாவுக்கா? நான் போன வாரமே பார்த்துட்டேன் சார். இன்னிக்கு மறுபடி போறேன். இன்னா பாட்டு, இன்னா பாட்டு! இந்த ஜில்லாவுலயே இது மாதிரி எவனும் போட்டதில்ல."

"குடியாத்தத்தில்கூடவா?" என்றேன்.

"அத்த ஏன் கேக்கறீங்க? ராஜா வேஷம் கட்டிக்கினு விடிய விடிய கத்துவாங்க. ஒரே பேஜார்."

கமலா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பாலாற்று மணலைப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்க்காதவன்போல் இருந்துவிட்டேன்.

பச்சகுப்பம் தாண்டியதுமே ஆம்பூர் மூக்குக்குத் தெரிந்துவிடும். சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை அது. ஒரு மணிக்கு இறங்கினோம். தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புகளுக்கு விடுமுறை. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. டீக்கடையில் ஓரணா டீ குடித்தோம். நல்ல டீ என்பதைக்கூட அன்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மூன்று மணிக்கு நாடகம். இடம், தோல் காயப்போடும் நீளமான கொட்டகை. நடுவில் கயிறு கட்டி ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தரை டிக்கெட் நாலணா. சாமுவேல் மேடைக்கு வந்து கும்பிட்டுவிட்டு ஒரு அறிவிப்புச் செய்தான்: "இந்த நாடகத்துல ஒன்ஸ்மோர் கிடையாதுங்க. தயவு பண்ணி யாரும் கேக்க வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்ஸ்மோர் இல்லாமல் நாடகமா? என் நாடகத்தில் அம்பு பட்டுச் செத்து விழுந்த ராஜகுமாரன்கூட, ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, சாவதற்கு முன் பாடிய பாட்டை இன்னொரு தடவை பாடிவிட்டுத்தான் சாவான். ஒரு திருவிழாவில் மூன்று தடவை செத்தான். அதுதான் ஒரு பாட்டுக்கு மரியாதை. அப்போதே தீர்மானித்துவிட்டேன், நல்ல கட்டம் பார்த்து ஒன்ஸ்மோர் கேட்டு இவன் நாடகத்தைக் கலைத்துவிடுவது என்று.

கதை இவ்வளவுதான். பண்ணைக்காரர் மகன் வேலைக்காரப் பெண்ணை ஆசைகாட்டி ஏமாற்றிவிட்டுப் போகிறான். அவள் அவன் வீட்டைத் தேடி நடந்தே வந்து, கதவைத் தட்டத் துணிவில்லாமல் வாசலிலேயே பனியில் விறைத்துச் செத்துப்போகிறாள். ருஷ்யப் பண்ணையைச் சாமுவேல் நெமிலிப் பக்கத்துப் பண்ணையாக மாற்றியிருந்தான். பனியை மட்டும் மாற்ற முடியவில்லை. ராஜா இல்லை, ஜிகினா இல்லை. தோல் ஷாப்பு ஆட்களே பத்துப் பேர் மேடையில் மரச்சட்டத்தில் தோலைப் போட்டுக் கத்தியால் சீவிக்கொண்டே பாடினார்கள். அந்தக் கத்தி இழுபடும் சத்தம்தான் தாளம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கள் ஊரில் தறிச் சத்தம் இல்லையா?

கடைசிக் கட்டம் வந்தது. அந்தப் பெண்ணாக நடித்தவர் ராணிப்பேட்டைப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். மூடிய கதவுக்கு முன் மண்டியிட்டு மெல்லிய குரலில் பாடினார். மேலிருந்து பனி விழுந்தது. சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து உருவிய வெள்ளை மயிர் அது! வாடை குப்பென்று வந்தது. நான் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு அது பனியாகவே இருந்தது.

பாட்டு முடிந்து அவர் சாய்ந்தார். இதுதான் சமயம் என்று துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், குரல் வரவில்லை.

அப்போது, "ஒன்ஸ்மோர்!" என்று கேட்டது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கமலா! என் நாடகங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருப்பவள், அந்தக் கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்க்க, "ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்" என்று கத்தினாள். செத்துக் கிடந்தவர் அசையவில்லை. சாமுவேல் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். வெள்ளை மயிர் மட்டும் கொஞ்ச நேரம் விழுந்துகொண்டிருந்தது. பிறகு திரை இறங்கியது.

வெளியே சாமுவேல் ஓடி வந்தான். "எப்படி இருந்தது வாத்தியாரே?"

"பனி ஜாஸ்தி. பாட்டு கம்மி" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுக் கமலாவைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க அக்கா, எழுப்ப முடியல" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

திரும்புகிற வண்டி ஆறரைக்கு. பெட்டியில் கூட்டமில்லை. பச்சகுப்பம்வரை பொறுத்துப் பார்த்தேன், அதற்குமேல் முடியவில்லை.

"எதுக்கு அப்படிக் கத்தின? என் நாடகத்துல ஒரு நாளாவது ஒன்ஸ்மோர் கேட்டிருக்கியா?"

"உங்க நாடகத்துல நான் எதுக்குங்க கேக்கணும்? செத்தவன்தான் எப்படியும் எழுந்து வந்துடறானே."

"இங்க மட்டும் என்னவாம்?"

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை மயிரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு நெஜமாவே போய்ட்டான்னு தோணிச்சு. இன்னொரு தபா பாடச் சொன்னா எழுந்து உக்காந்துடுவாளோன்னுதான் கேட்டேன். பாட்டுக்காக இல்லீங்க."

மேல்பட்டி வந்து போயிற்று. நான் எழுதிக் கொன்ற ராஜாக்களில் ஒருவனாவது பிழைக்க வேண்டுமென்று இவள் ஆசைப்பட்டதில்லை. அதுவரை எனக்குச் சாமுவேல்மேல்தான் பொறாமை. இப்போது, நாறுகிற ஆட்டுமயிருக்கு அடியில் கண்ணை மூடிக் கிடந்த அந்தப் பெண்மேலும் வந்துவிட்டது.