வெயில் இறங்கும் நேரமும் தணிகாசலமும்

தணிகாசலத்தோடு வேலை பார்த்த உங்களில் பலர் இந்த அஞ்சலியை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். எனக்குக் கோவையாக வராது என்ற பயத்தில் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. கொதிகலன் பற்றி அவருக்கிருந்த கவலை.
3. அவரோடு முடிந்துபோன ஒரு பழக்கம்.

தினமும் வெயில் இறங்கும் நேரத்தில் தணிகாசலம் கோலியனூரிலிருந்து எனக்குப் போன் செய்வார். அன்றும் அவர் பெயர்தான் தெரிந்தது. "என்ன, ஃபேனை நிறுத்தியாச்சா?" என்று வழக்கம்போலச் சீண்டினேன். பேசியது அவர் மனைவி சரோஜா. "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா. மத்தியானம் படுத்தவரு எழுந்திரிக்கவே இல்ல."

அவர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பொறியாளர். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவருக்குச் சொல்வது என் வேலை. பல ஆண்டுகள் நாங்கள் வெறும் குரல்கள்தான். சூரிய மின்சாரம் பெருகிய பிறகு, நண்பகலில் அவரை உற்பத்தியைக் குறைக்கச் சொல்வேன்; வெயில் இறங்கியதும் அவசரமாக ஏற்றச் சொல்வேன்.

"மத்தியானம் இறக்குன்றீங்க, சாயங்காலம் ஏத்துன்றீங்க. இது பாய்லருங்க, லிஃப்ட் இல்ல!"

"எல்லா நிலையத்துக்கும் இதேதாங்க" என்பேன், தயங்கித் தயங்கி.

"காத்தும் வெயிலும் வேணான்னு சொல்லல சார். எப்போ வரும், எப்போ போகும்னு இவகிட்ட சொல்லிட்டு வரட்டும்."

'இவ' என்றது கொதிகலனை. தினமும் சூடேறி ஆறினால் இரும்பு களைத்துவிடும். குழாய்கள் வெடித்தன, ஒட்டினார்கள், மறுபடி வெடித்தன. தான் ஓய்வு பெறும் வரையாவது அது ஓட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அதற்கு முன்பே நிலையத்தை மூடிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தபின் ஒரு வழக்கம் தொடங்கினார். வெயில் இறங்கியதும் வீட்டில் ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் சற்று நேரம் நிறுத்திவிடுவார். "நம்மளுது போச்சு. மீதி இருக்குற பாய்லருங்களாவது மெதுவா ஏறட்டும்."

"ஊருக்கே கரண்ட் குடுத்த மனுசன், பொண்டாட்டிக்கு ஒரு ஃபேன் காத்து குடுக்க மாட்றாரு" என்று சரோஜா என்னிடம் முறையிடுவார்.

ஒரு வீட்டு ஃபேனால் கொதிகலனுக்கு எந்த ஆறுதலும் இல்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கா சார் கணக்கு தெரியாது? அதுங்க ஏறிக்கினு இருக்குற நேரத்துல நான் காத்து வாங்கிக்கினு உக்கார முடியல" என்றார்.

காரியத்துக்குத் திண்டிவனத்திலிருந்து போயிருந்தேன். கூடம் நிறைய உறவினர்கள், புழுக்கம். ஜன்னலில் வெளிச்சம் மங்கியதும் சரோஜா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

"இன்னாக்கா, இந்தப் புழுக்கத்துல?" என்றாள் ஒருத்தி.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. மெதுவா ஏறட்டும்."

யாருக்கும் விளங்கவில்லை. நான் தலை குனிந்துகொண்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இங்கும் வெயில் இறங்கிவிட்டது. எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வியர்வையில் தாள் கையோடு ஒட்டுகிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மேலே மூன்றாவதாக 'முடிந்துபோன' என்று எழுதியது தவறு.