இரும்பு போட்ட தாளம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் போகிற வழியில் ஒரகடம் தாண்டி எங்கள் வடக்குப்பட்டுக்குப் போய், கார்முகிலின் உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கொப்புளம் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. கதை விடுகிறவனுக்கு அந்த மாதிரித் தழும்பு எங்கிருந்து வரும்?

போன மே மாதம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பட்டப்பகலில். பேய் இருட்டினால்தான் வரும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான், அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

முதலில் எங்கள் டீமைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009ஆம் வருஷத்து மார்னிங் ஸ்டார் டீம். அதற்கு முன்னால் அப்படி ஒரு டீம் எங்கள் ஊரில் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை. தாண்டவராயனின் பூட்ஸ் பிளந்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிக்கொண்டு ஆடினான். அந்தக் காலால்தான் ஃபைனலில் கோல் போட்டான். அப்பாவு டிஃபென்ஸில் நின்றால் ஈ எறும்பு தாண்டாது. ஷீல்டை வண்டியில் கொண்டு வரும்போது கீழே போட்டு ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. அந்த நசுங்கலைக்கூட நாங்கள் தடவித் தடவிப் பார்ப்போம்.

எங்களுக்கென்று ஒரு கைதட்டல் உண்டு. ரெண்டு, மூணு, ஒண்ணு. டம் டம்... டம் டம் டம்... டம். மேட்ச் தொடங்கும் முன் கார்முகில் மைக்கில் ஒவ்வொரு நம்பராகச் சொல்வான். கூட்டம் பேரைக் கத்தும். பிறகு இந்தக் கைதட்டல். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. வாய் மட்டும் எழுபது வயசு வாய்.

ஒண்ணாம் நம்பர், கோல் காக்கும் கோலி சுடலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். மைதானத்தை ஒட்டியிருந்த கம்பெனியின் கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றும் வேலை. சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தான். செமி ஃபைனலில் மூன்று பெனால்டியைத் தடுத்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம்.

தண்டலம் டீமோடு ஃபைனல். அன்றைக்கு அவன் வரவே இல்லை.

எதிர் டீமிடம் காசு வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று பேச்சு. வசந்தகுமாரைக் கோலியாக நிறுத்தினோம். ஒண்ணுக்கு சைபர், ஜெயித்தோம். ஒரு வாரம் கழித்து அவன் அக்கா சந்திரலேகா தம்பியைத் தேடி வந்தாள். "ஓடிப்போனவன இங்க வந்து ஏன் கேக்கறீங்க?" என்று அவளை பஸ் ஏற்றிவிட்டவன் கார்முகில்தான். அதிலிருந்து ஒண்ணாம் நம்பர் என்றால் வசந்தகுமார். சுடலை என்ற பேரை யாரும் எடுப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு நாங்கள் கைதட்டியபோது, கோல் போஸ்டுக்குப் பின்னால் யார்டிலிருந்தும் அதே தாளம் கேட்டது. கன்டெய்னர் இரும்பை யாரோ தட்டினார்கள். ஃபைனலை எடுத்த வீடியோவில்கூட அது தெளிவாக விழுந்திருக்கிறது. ஒருத்தன் இல்லை, ரெண்டு பேர் தட்டுகிறார்கள் என்று அப்பாவு பதினாறு வருஷமாகச் சண்டை போடுவான். ரெண்டாவது தட்டு அரை நொடி தள்ளி வரும். கூடவே கிணிங் என்று ஒரு சத்தம். சலங்கை என்பான் ஒருத்தன். சங்கிலி என்பான் இன்னொருத்தன். இரும்பே எங்களுக்குத் தாளம் போட்ட நாள் என்று மே மாதம் தவறாமல் கூடி, அந்த வீடியோவைப் போட்டு, அந்த இடத்தில் எல்லோரும் எழுந்து நின்று தட்டுவோம்.

இப்போது அந்த மைதானமும் யார்டும் சேர்ந்து ஒரே குடோன். கார்முகில் அங்கேதான் சூப்பர்வைசர். எங்கள் ஷீல்டு, பேனர், மைக் எல்லாம் யார்டின் கடைசியில் ஒரு நீலக் கன்டெய்னரில் இருக்கின்றன. அதன் பக்கத்தில் துருப்பிடித்த பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை.

அன்றைக்குச் சரியாக மூன்று ஐந்துக்கு கார்முகில் யார்டு வாசலுக்கு வந்தான். சாயந்திரம் சுங்குவார்சத்திரத்தில் கூட்டம். ஷீல்டை எடுக்க வேண்டும். செல்போனில் சார்ஜ் இல்லை. வாட்ச்மேன் ராஜாமணியின் அறையில் அதைச் சொருகினான்.

"சாவி இந்தா. சீக்கிரம் வந்துடு, இன்னா வெயிலு இது!" என்றார் ராஜாமணி.

"அஞ்சே நிமிசம்ணே."

யார்டில் ஈ காக்கை இல்லை. மூன்று பன்னிரண்டுக்கு நீலப் பெட்டியின் முன்னால் நின்றான். பூட்டு திறந்து தொங்கியது. சாவி அவன் கையில் இருக்கிறது. 'பெரிசு மறந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே போனான். குளிர்ச்சியாக இருந்தது. மே மாத வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் கால் வைத்தால் அடுப்புக்குள் வைத்த மாதிரி இருக்க வேண்டும். இது விடியற்காலைக் குளிர்ச்சி. தைல வாசனை வேறு. விளையாடுகிறவர்கள் காலில் தேய்ப்பார்களே, அந்தத் தைலம்.

ஷீல்டு இருக்க வேண்டிய மூலையில் ஷீல்டு இல்லை. ஒரு துணிப்பை தொங்கியது. கையை விட்டான். கோலி போடும் கையுறை. ஈரமாக இருந்தது.

கிரீச்...

திரும்பினான். கதவு மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஓடினான்.

டொம்.

இருட்டு. பிறகு வெளியே அந்தச் சத்தம். சடக்... சடக். கன்டெய்னர் கதவின் தாழ்க் கம்பி திரும்பும் சத்தம். அதைக் கையால் பிடித்துத் தூக்கித்தான் திருப்ப முடியும். தானாக விழாது. பத்து வருஷமாக அந்த வேலையில் இருப்பவன், அவனுக்குத் தெரியாதா?

"ராஜாமணிண்ணே! விளையாடாதீங்க!"

தோளால் கதவை இடித்தான்.

கையில் வாட்ச் இருந்தது. பொத்தானை அமுக்கினால் சின்ன வெளிச்சம். மூன்று பதினெட்டு. போன் வாசலில். வாசலில் இருக்கும் ராஜாமணிக்கு இங்கிருந்து சத்தம் எட்டாது. திங்கட்கிழமை காலை வரை யார்டுக்கு வேறு ஆள் வரமாட்டான். வீட்டில் பிரவீனா ஏழு மாசம். தலைப்பிள்ளை. தை மாதம் கல்யாண நாளைக்கு அவள் வாங்கிப் போட்ட எவர்சில்வர் காப்புதான் அவன் கையில் கிடந்தது. குழந்தை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ?

தட்டினான். டம்-கிணிங். டம்-கிணிங். காப்பும் சேர்ந்து இரும்பில் மோதியது.

மூன்று முப்பத்தொன்று. குளிர்ச்சி போய்விட்டது. சுவரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டது. சட்டை நனைந்து ஊற்றியது. மூச்சு பாதிதான் உள்ளே போனது. கதவு இடுக்கில் வாயை வைத்தான். ரப்பர் அடைத்திருந்தது. காற்று வரவில்லை.

கதவைத் தடவிப் பார்த்தான். உள்பக்கம் நெஞ்சு உயரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. வட்டம் வட்டமாக. ஒரு கை அளவுக்கு. தன் கையை அதில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது.

மூன்று நாற்பது.

டொப்.

சுவரில் ஏதோ மோதியது. மறுபடி. டொப். பந்து. பந்து வந்து மோதுகிற சத்தம்!

"ஏய் பசங்களா! உள்ள ஆள் கீது! கதவத் தொறங்கடா!"

தூரத்தில் விசில் கேட்டது. பிறகு இரைச்சல். நூறு பேர், இருநூறு பேர். கார்முகிலுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள் இருக்கிறார்கள். பிழைத்துவிடலாம்.

அப்புறம்தான் உறைத்தது. யார்டு முழுக்க கான்கிரீட். சுற்றிலும் மதில். எந்தப் பசங்க? எந்தக் கூட்டம்?

மூன்று ஐம்பத்திரண்டு.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..."

சின்னப் பையன் குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"வடக்குப்பட்டு மார்னிங் ஸ்டார் ரசிகர்களே! ஒண்ணாம் நம்பர்...?"

"வசந்தகுமார்!" என்றது கூட்டம்.

"சுடலைய யாரும் தேடாதீங்க! அவரு திருநெல்வேலிக்கு பஸ் ஏறிட்டாராம்!"

ஹோவென்று சிரிப்பு.

கார்முகில் கதவு இடுக்கில் காதை ஒட்டினான். அது அவனுடைய குரல். பதினேழு வயசில் அவன் பேசிய பேச்சு. ஒரு எழுத்து மாறவில்லை.

வெறி பிடித்த மாதிரி தட்டினான். கேட்கவில்லை. இரைச்சலில் எல்லாம் அமுங்கிப்போனது. எப்படித் தட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள்? நம்ம ஊர் ஆள் என்று எப்படித் தெரியும்?

தாளம். நம்ம தாளம்.

டம் டம்... டம் டம் டம்... டம்.

வெளியே ஒரு நொடி அமைதி.

"கேட்டீங்களா! இரும்பே நமக்குத் தாளம் போடுது! தட்டுங்க!"

இருநூறு ஜோடிக் கைகள் தட்டின.

"டேய்! நான்டா! தொறங்கடா..."

கத்தினான். தொண்டையில் சத்தம் இல்லை.

மூன்று ஐம்பத்தொன்பது.

டம் டம்...

அவன் தட்டவில்லை.

டம் டம் டம்...

வெளியிலிருந்தும் வரவில்லை.

உள்ளே இருந்து.

பக்கத்தில்.

தைல வாசனை... காதோரம் மூச்சு...

"ஏல முகிலு... சத்தமாத் தட்டுல. அவனுவளுக்குக் கேக்கல."

அவ்வளவுதான். அதற்குமேல் கார்முகிலுக்கு நினைவில்லை.

முகத்தில் தண்ணீர் விழுந்தபோது நாலு பத்து. வெட்டவெளியில் கிடந்தான். ராஜாமணி மடியில் தலை.

"இன்னா தம்பி, பொண்டாட்டி போன் மேல போன் போடுது, ஆளக் காணமேன்னு வந்தா இங்க வுழுந்து கெடக்கிறியே! கையில இன்னா, நெருப்பாட்டம் கொப்புளிச்சிகீது?"

கார்முகில் திரும்பிப் பார்த்தான். நீலப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவன் பாக்கெட்டில் அப்படியே இருந்தது. அவன் கிடந்தது பக்கத்துத் துருப்பெட்டியின் வாசலில்.

துருப்பெட்டியைக் காட்டி, "நான் இதுக்குள்ளதாண்ணே இருந்தேன்" என்றான்.

ராஜாமணியின் முகம் செத்துப்போனது. கதவு ஓரத்தை விரலால் காட்டினார். மேலிருந்து கீழே வரை வெல்டிங். அதன் மேலேயே துரு ஏறியிருந்தது.

"இத என்ன நிக்க வச்சுத்தான் பத்த வச்சாங்க. பதினாறு வருசம் ஆவுது."

பிறகு அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சுடலைக்கு சனிக்கிழமை ராத்திரி லோடு வேலை. ஞாயிறு காலை வெறும் பெட்டியில் படுத்துக்கொண்டு, "மூணு மணிக்கு எழுப்பிருங்கண்ணே, மேட்ச் இருக்கு" என்றானாம். ராஜாமணி டூட்டி மாற்றும்போது அடுத்த ஆளிடம் சொல்ல மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். வந்தவன் திறந்து கிடந்த கதவுகளை எல்லாம் சாத்தித் தாழ் போட்டுவிட்டான். பதினொரு நாள் கழித்து வாடை வந்துதான் திறந்தார்கள். கையுறை மாட்டியிருந்தான். கான்ட்ராக்டர் ராவோடு ராவாக உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"வாயத் தொறந்தா வேல பூடும்னான். தொறக்கலப்பா. பாவி நான், தொறக்கல."

"உள்ள எத்தினி பேருண்ணே?"

"இன்னா கேள்வி இது? அவன் ஒருத்தன்தான்."

சாயந்திரம் ஆறரைக்கு, சுங்குவார்சத்திரம் டீக்கடை மாடியில் நாங்கள் வழக்கம் போல வீடியோ ஓடவிட்டிருந்தோம். கார்முகில் படியேறி வந்தான், கையில் ஷீல்டு இல்லை. திரையில் பதினேழு வயசு கார்முகில் மைக்கைப் பிடித்திருந்தான். அந்த இடம் வந்தது. நாங்கள் எழுந்து நின்று கையைத் தூக்கினோம்.

"தட்டாதீங்கடா!" என்று அலறினான் கார்முகில்.

எல்லாவற்றையும் சொன்னான். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்துக்கொண்டே சொன்னான். அப்பாவுதான் வாயைத் திறந்தான்.

"சும்மா கண்டபடி தட்டியிருந்தான்னா எவனாவது போய்ப் பாத்திருப்போம்டா. அவன் நம்ம தாளத்தத் தட்டிட்டான்."

வசந்தகுமார் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கார்முகில் நடுவில் வந்து நின்றான். "ஒண்ணாம் நம்பர்?" என்று கேட்டான்.

"சுடலை," என்றோம். பதினாறு வருஷத்துக்குப் பிறகு.

யாரோ வீடியோவை மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை கூர்ந்து கேட்டோம். டம் டம். அதை ஒட்டி, அரை நொடி தள்ளி... டம்-கிணிங், டம்-கிணிங். அப்பாவு சொன்னது சரி. ரெண்டு பேர்.

கார்முகில் கொப்புளித்த கையிலிருந்து காப்பை மெல்லக் கழற்றினான். இரும்பு மேஜையின் மேல் வைத்தான்.

கிணிங்.

அதே சத்தம். அந்தக் காப்பை பிரவீனா வாங்கிப் போட்டு நாலு மாசம்தான் ஆகியிருந்தது.